49 பெரிதா, 42 பெரிதா? ஜெயித்த ஜான்சன் ஏன் விலகினார்?

திண்ணைவாசி:

ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி ஒன்று. 1968 மார்ச் 12 அன்று அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியின் பிரைமரி, அதாவது கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்பதற்கான உட்கட்சித் தேர்தல். பதவியில் இருக்கும் அதிபர் லிண்டன் ஜான்சன் 49 சதவீதம் வாங்குகிறார். அவரை எதிர்த்த மின்னசோட்டா செனட்டர் மெக்கார்த்திக்கு 42. ஜான்சன் ஜெயித்துவிட்டார், அவ்வளவுதானே? ஆனால் பத்தொன்பதே நாளில், மார்ச் 31 இரவு, தொலைக்காட்சியில் தோன்றி இந்த வருடத் தேர்தலில் நான் இல்லை என்று அறிவித்துவிடுகிறார்.

எனக்குத் தெரிந்த தேர்தலில் ஒரே ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் ஜெயிப்பு ஜெயிப்புதான். மாலை போட்டு ஊர்வலம் போவார்கள். இங்கே ஜெயித்தவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். ஏழு சதவீத முன்னிலை எப்படித் தோல்வி ஆனது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

(அந்த மெக்கார்த்திதானே கம்யூனிஸ்ட் வேட்டை ஆடியவர்? அவர் எப்படி வியட்நாம் போரை எதிர்த்தார் என்பதும் குழப்பம்.)


பழையபேப்பர்:

முதலில் அந்த அடைப்புக்குறியை முடித்துவிடுகிறேன். வேட்டையாடியவர் விஸ்கான்சின்காரர் ஜோசஃப் மெக்கார்த்தி. குடியரசுக் கட்சி, 1957-லேயே இறந்துவிட்டார். இவர் யூஜின் மெக்கார்த்தி. கவிதை எழுதுகிற ஆள், பேச்சும் மெதுவாகத்தான் வரும். பெயர் ஒன்றாக இருப்பதால் பலரும் இடறும் இடம்தான் இது.

இப்போது கேள்விக்கு வருவோம். 1967 நவம்பர் 30 அன்று மெக்கார்த்தி போட்டியை அறிவித்தபோது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதவியில் இருக்கும் அதிபரைச் சொந்தக் கட்சிக்குள்ளேயே சாய்ப்பது நடக்கிற காரியமா என்ற நினைப்பு. நியூ ஹாம்ப்ஷயரில் 20 சதவீதம் தேறினாலே பெரிது என்றார்கள். அப்புறம் 1968 ஜனவரி 30-ல் வியட்நாமில் டெட் தாக்குதல், அதாவது தென் வியட்நாமின் நகரங்கள்மேல் எதிரி ஒரே நேரத்தில் பாய்ந்தது. போர் முடியப்போகிறது என்று அதுவரை அரசு சொல்லிக்கொண்டிருந்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி நுழைந்ததை மக்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அரசாங்கம் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி அன்றைக்கு வீட்டுக்கு வீடு வந்துவிட்டது.

கல்லூரிப் பிள்ளைகள் வண்டி வண்டியாக நியூ ஹாம்ப்ஷயருக்கு வந்து இறங்கினார்கள். தாடியோடும் நீள முடியோடும் போனால் கிராமத்துப் பெரியவர்கள் கதவையே திறக்கமாட்டார்கள் என்று சவரம் செய்து, முடி வெட்டி, ஒழுங்கான சட்டை போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார்கள். ஜான்சன் தரப்போ வேறு மாதிரி வேலை பார்த்தது. ஆளுநர் ஜான் கிங்கும் செனட்டர் மெக்கின்டையரும் சேர்ந்து, வரிசை எண் போட்ட உறுதிமொழி அட்டைகளை வாக்காளர்களிடம் கொடுத்தார்கள். ஜான்சனுக்கு ஓட்டுப் போடுவேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். அட்டை மூன்று துண்டு. அதில் ஒன்று வெள்ளை மாளிகைக்குப் போகும். ரகசிய வாக்குரிமை உள்ள ஊரில் கையெழுத்து வாங்கினால் ஜனங்களுக்கு எரிச்சல் வராதா? நியூ ஹாம்ப்ஷயர்க்காரர்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் வீம்பு பிடித்தவர்கள் வேறு.

ஆக, 20-ஐ எதிர்பார்த்த இடத்தில் 42 வந்தது. மறுநாள் பத்திரிகைகளுக்கு அதுதான் செய்தி. ஜான்சனின் 49 யார் கண்ணிலும் படவில்லை.


குறுக்குசால்:

அண்ணன் அழகாகச் சொன்னார். ஆனால் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார். ஜான்சன் அங்கே வேட்பாளராகப் பதியவே இல்லை. வாக்குச்சீட்டில் அவர் பெயரே கிடையாது. ஓட்டுப் போட வந்தவர் சீட்டில் கைப்பட அவர் பெயரை எழுத வேண்டும். அப்படி எழுத வைத்தே 27,000-க்கு மேல் வாங்கியிருக்கிறார். மெக்கார்த்தியின் பெயரோ அச்சில் இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அது ஜான்சனுக்கு நல்ல வெற்றி.

எதிர்பார்ப்பு என்று ஒன்றைப் பத்திரிகைக்காரர்களே கிளப்பிவிடுவார்கள், அது பொய்த்ததும் அதிர்ச்சி என்றும் அவர்களே எழுதுவார்கள். இதைத் தேர்தல் முடிவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.


கணக்குப்பிள்ளை:

குறுக்குசால், பத்திரிகையை விடுங்கள், நான் எண்ணிக்கையை மட்டும் சொல்கிறேன்.

ஜனநாயகக் கட்சிச் சீட்டில் ஜான்சன் 27,520, மெக்கார்த்தி 23,263. அதே நாளில் நடந்த குடியரசுக் கட்சி பிரைமரியிலும் 5,500 பேர் மெக்கார்த்தியின் பெயரைக் கைப்பட எழுதிப் போட்டிருந்தார்கள். ஜான்சனுக்கும் அந்தப் பக்கம் கொஞ்சம் விழுந்தது. இரண்டு கட்சிச் சீட்டுகளையும் கூட்டினால் வித்தியாசம் வெறும் சில நூறு ஓட்டு.

இதைவிடச் சுவாரசியமானது பிரதிநிதிகள் கணக்கு. பிரைமரியின் சட்டபூர்வமான வேலையே, வேட்பாளரை முடிவு செய்யும் கட்சி மாநாட்டுக்குப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதுதான். மாநிலத்துக்கு 24 இடம். மெக்கார்த்தி தரப்பு அளவாக ஆள் நிறுத்தியது. ஜான்சன் தரப்பில் உள்ளூர்த் தலைவர்கள் ஆளாளுக்கு மனுப் போட்டு, 24 இடத்துக்கு 45 பேர் நின்றார்கள். யாரையும் உட்கார வைக்க முடியவில்லை. ஓட்டு சிதறியது. முடிவில் மெக்கார்த்திக்கு 20, ஜான்சனுக்கு 4.

எனவே திண்ணைவாசி, ஜெயித்தவர் தோற்றார் என்பது பத்திரிகை வித்தை மட்டுமில்லை. மாநாட்டுக்கு யார் போகப்போகிறார்கள் என்று பார்த்தால் ஜான்சன் நிஜமாகவே தோற்றிருந்தார்.


திண்ணைவாசி:

24 இடத்துக்கு 45 பேரா! இதைச் சொல்லத்தான் யாருமே இல்லாமல் போனார்கள்.

சரி, மக்கள் போரை எதிர்த்துத்தானே மெக்கார்த்திக்குப் போட்டார்கள்? அந்தச் செய்தி ஜான்சனுக்குப் புரிந்து விலகினார் என்று எடுத்துக்கொள்ளலாமா?


குறுக்குசால்:

அங்கேதான் வேடிக்கையே. வாக்காளர்களிடம் எடுத்த கருத்தாய்வைப் பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. மெக்கார்த்திக்குப் போட்டவர்களில் ஜான்சனின் போர்க்கொள்கை பிடிக்காதவர்கள் அதிகம், உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் ஜான்சன் இன்னும் கடுமையாக அடிக்க வேண்டும் என்று நினைத்தவர்கள்! படையைத் திரும்ப அழைக்கச் சொன்னவர்கள்தான் குறைவு. மெக்கார்த்தி எந்தப் பக்கம் என்பதே பலருக்குத் தெரியாது. ஜான்சன்மேல் கோபம், கைக்கு எட்டிய இன்னொரு பெயருக்குப் போட்டார்கள்.

அந்த 42 சதவீதத்தை ஊரே போருக்கு எதிரான தீர்ப்பு என்று படித்தது. படித்தது தப்பு. ஆனால் அதன் விளைவு அப்பட்டமான உண்மை. அதனால்தான் சொல்கிறேன், நெருக்கமான முடிவு என்றால் அதற்கு யார் முதலில் அர்த்தம் சொல்கிறார்களோ அவர்கள் பாடு கொண்டாட்டம்.


பழையபேப்பர்:

தம்பி குறுக்குசால், இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜான்சன் பத்திரிகை படித்துவிட்டு விலகவில்லை. மார்ச் 12-க்கும் 31-க்கும் நடுவில் ஒரு பெரிய விஷயம் நடந்தது. மார்ச் 16 அன்று, கொல்லப்பட்ட அதிபர் கென்னடியின் தம்பியான செனட்டர் ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார்.

அதுவரை கென்னடி தயங்கிக்கொண்டிருந்தார். போரை எதிர்க்கும் குழுக்கள் முதலில் அவரைத்தான் அழைத்தன. அவர் மறுத்த பிறகே மெக்கார்த்தி வந்தார். நியூ ஹாம்ப்ஷயர் முடிவைப் பார்த்த பிறகுதான் ஜான்சனை அசைக்க முடியும் என்று கென்னடிக்கு உறைத்தது. பனியில் நடந்து கதவு தட்டிய பிள்ளைகளுக்கு எப்படி இருந்திருக்கும்? உழுதவன் ஒருத்தன், அறுக்க வந்தவன் இன்னொருத்தன். அந்தக் கசப்பு கடைசிவரை போகவில்லை.

அடுத்த பிரைமரி ஏப்ரல் 2, விஸ்கான்சின். அங்கே ஜான்சனின் பெயர் சீட்டிலேயே அச்சாகியிருந்தது. தோல்வி நிச்சயம் என்று அவருடைய ஆட்களே சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் முன்னதாக அவர் விலகினார். சீட்டிலிருந்து பெயரை எடுக்க முடியாது அல்லவா, ஓட்டு நடந்தபோது மெக்கார்த்தி 56, ஜான்சன் 35.


சோளக்காட்டுத் தமிழச்சி:

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் அயோவாவில் இருக்கிறேன். குடியுரிமை இல்லை, ஓட்டும் இல்லை. ஆனால் 2020 பிப்ரவரி 3 அன்று பக்கத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில் நடந்த ஜனநாயகக் கட்சி காக்கஸை ஓரமாக உட்கார்ந்து பார்த்தேன். பிரைமரி என்றால் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்துவிடலாம். காக்கஸ் அப்படியில்லை. கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு என்று பிரிந்து உட்காருகிற மாதிரி, ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு மூலை. தலையை எண்ணுவார்கள். 15 சதவீதம் சேராத மூலை கலைய வேண்டும். கலைந்தவர்களைப் பக்கத்து மூலைக்காரர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறைதான். எங்கள் அரங்கில் பைடனின் மூலை கலைந்தது. ஒரு தாத்தா கோட்டை மாட்டிக்கொண்டு யார் பக்கமும் போகாமல் நேரே வாசலுக்குப் போய்விட்டார். நான் பார்த்ததிலேயே மறக்க முடியாத அரசியல் முடிவு அதுதான்.

அன்றிரவு முடிவு வரவில்லை. எண்ணிக்கையை அனுப்பும் செயலி காலை வாரியது. நாள் கணக்கில் இழுத்தது. கடைசியில் பார்த்தால், மாநிலப் பிரதிநிதிக் கணக்கில் பீட் புட்டிஜெஜ் 26.2 சதவீதம், பெர்னி சாண்டர்ஸ் 26.1. ஆனால் தலை எண்ணிக்கையில் சாண்டர்ஸ் ஆயிரக்கணக்கில் முன்னால். இரண்டு பேரும் வெற்றி வெற்றி என்றார்கள். அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் யாரையும் வெற்றியாளராக அறிவிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். மாநாட்டுப் பிரதிநிதிகள் புட்டிஜெஜுக்கு 14, சாண்டர்ஸுக்கு 12. அந்த இரண்டு பிரதிநிதி வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது? அயோவாவில் ஜெயிப்பதன் முழு மதிப்பும் அன்றிரவு பத்து மணிச் செய்தியில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் ஆறின காப்பிதான்.


கணக்குப்பிள்ளை:

அக்கா, உங்கள் ஊருக்கு இது முதல் தடவை இல்லையே. 2012 குடியரசுக் கட்சி காக்கஸில் ராம்னி 8 ஓட்டில் ஜெயித்தாரே.


சோளக்காட்டுத் தமிழச்சி:

பார்த்தீர்களா, நீங்களும் மாட்டிக்கொண்டீர்கள்! ராம்னி ஜெயிக்கவில்லை. ஜனவரி 3 இரவு 8 ஓட்டு என்று சொன்னது சரிதான். பதினாறு நாள் கழித்துச் சரிபார்த்த கணக்கு வந்தது. ரிக் சான்டோரம் 29,839, ராம்னி 29,805. சான்டோரம் 34 ஓட்டு முன்னால். அதிலும் எட்டு வாக்கு வட்டங்களின் சீட்டுகள் என்ன ஆயின என்றே தெரியவில்லை, அவற்றை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது.

அந்தப் பதினாறு நாளுக்குள் நியூ ஹாம்ப்ஷயர் முடிந்துவிட்டது. அயோவா, நியூ ஹாம்ப்ஷயர் இரண்டையும் தட்டிய ராம்னி என்ற பெயரோடு அவர் வலம் வந்தார். சான்டோரத்துக்குப் போக வேண்டிய பணம், ஆள், பேட்டி எல்லாம் போகவில்லை. எண்ணித் தேர்ந்த கணக்குப்பிள்ளைக்கே இன்னமும் 8 தான் ஞாபகம் இருக்கிறது என்றால் பாருங்கள்.

கூத்து இன்னும் இருக்கிறது. அந்த காக்கஸ் இரவு ஓட்டுக்கும் பிரதிநிதிகளுக்கும் கட்டாயத் தொடர்பு கிடையாது. ரான் பால் ஆட்கள் அடுத்தடுத்த மாவட்ட, மாநிலக் கூட்டங்களுக்குச் சலிக்காமல் போய் உட்கார்ந்தார்கள். தம்பா நகரில் நடந்த கட்சி மாநாட்டில் அயோவாவின் 28 பேரில் 22 பேர் மூன்றாவதாக வந்த ரான் பாலுக்கு!


கணக்குப்பிள்ளை:

தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். தண்டனையாக ஒரு நீளமான கணக்கு எழுதுகிறேன். 2008-ஐ எடுத்துக்கொள்வோம், ஒபாமா, ஹிலாரி கிளிண்டன்.

ஜனநாயகக் கட்சி வாக்கு விகிதப்படி பிரதிநிதிகளைப் பிரிக்கிறது. மாநிலம் முழுவதற்கும் கொஞ்சம், நாடாளுமன்றத் தொகுதி மாதிரி ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம். இப்போது ஒரு வட்டத்துக்கு 4 பிரதிநிதி என்று வையுங்கள். இரண்டே பேர் போட்டி. 3-1 ஆக எடுக்க உங்களுக்கு 62.5 சதவீதம் வேண்டும். அறுபது வாங்கினாலும் 2-2 தான், இருபது சதவீத முன்னிலை காற்றோடு போயிற்று. ஆனால் வட்டத்துக்கு 3 பிரதிநிதி என்றால் 50-ஐ ஒரு ஓட்டுத் தாண்டினாலும் 2-1. ஒற்றைப்படை வட்டத்தில் மல்லுக்கட்டு, இரட்டைப்படை வட்டத்தில் வீணாகப் பணத்தைக் கொட்டாதே. ஒபாமாவின் ஆட்கள் இந்த வாய்ப்பாட்டைக் கரைத்துக் குடித்திருந்தார்கள்.

நியூ ஹாம்ப்ஷயரில் ஹிலாரி 39, ஒபாமா 36. அயோவாவில் மூன்றாம் இடத்துக்குப் போன ஹிலாரி ஐந்தே நாளில் எழுந்து நின்றார் என்று எல்லாரும் எழுதினார்கள். பிரதிநிதிகள் 9-9. நெவாடாவில் ஹிலாரி 51, ஒபாமா 45. அன்றைய கணக்குப்படி பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12. டெக்சாஸில் பகலில் பிரைமரி, இரவில் காக்கஸ். பிரைமரியில் ஹிலாரி ஜெயித்தார், இரண்டையும் கூட்டினால் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94.

பிப்ரவரி 5, சூப்பர் செவ்வாய், பல மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு நடக்கும் நாள். நியூ ஜெர்சி பெரிய மாநிலம், ஹிலாரிக்கு வெற்றி, 59-48. அதாவது 11 கூடுதல். ஐடஹோ குட்டி மாநிலம், காக்கஸ், உருளைக்கிழங்கு விளைகிற ஊர் என்பதைத் தவிர அரசியலில் யாரும் பேசமாட்டார்கள். ஒபாமா 15, ஹிலாரி 3. கூடுதல் 12. நியூ ஜெர்சியில் கொட்டிய பணத்துக்கு ஐடஹோ கணக்குத் தீர்த்துவிட்டது.

எனக்குப் பிடித்த உதாரணம் அதே நாளின் மிசௌரிதான். ஒரே மாநிலம், ஒரே நாள், இரண்டு கட்சிக்கும் பிரைமரி. ஜனநாயகக் கட்சியில் ஒபாமா 49, ஹிலாரி 48. பிரதிநிதிகள் 36-36. குடியரசுக் கட்சியில் மெக்கேய்ன் 33, ஹக்கபி 32, ராம்னி 29. அங்கே முதலில் வந்தவருக்கே மொத்தமும் என்பது விதி. மெக்கேய்னுக்கு 58. மற்ற இருவருக்கும் பூஜ்யம். இரண்டு பக்கமும் ஒன்றரை சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். ஒரு பக்கம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, இன்னொரு பக்கம் ஏறக்குறைய கதையே முடிந்தது. ராம்னி இரண்டு நாளில் விலகினார்.

ஆகவே நெருக்கமான முடிவு போட்டியை எப்படி மாற்றும் என்று என்னைக் கேட்டால், எந்தக் கட்சி, என்ன விதி என்று முதலில் திருப்பிக் கேட்பேன்.


குறுக்குசால்:

இதையெல்லாம் படித்தால் எதிர்பார்ப்புக்கு வேலையே இல்லை, எல்லாம் வாய்ப்பாடுதான் என்று தோன்றும். அப்படியென்றால் இண்டியானாவுக்கு என்ன பதில்?

2008 மே 6. வட கரோலினாவில் ஒபாமா 56-42 என்று அடித்தார், அது எதிர்பார்த்தது. இண்டியானாவில் ஹிலாரி நன்றாக ஜெயிப்பார் என்ற நம்பிக்கை. மாலையில் முன்னிலை வசதியாகத்தான் இருந்தது. ஆனால் சிகாகோவை ஒட்டி, கேரி நகரம் இருக்கும் லேக் கவுண்டியின் எண்ணிக்கை நள்ளிரவுவரை வரவில்லை. வந்தபோது முன்னிலை கரைந்துகொண்டே போய் 14,000-த்தில் நின்றது. 12 லட்சத்துக்கு மேல் ஓட்டு விழுந்த இடத்தில் 14,000! ஹிலாரி ஜெயித்தார். பிரதிநிதிகள் 38-34. ஆனால் அந்த இரவிலேயே என்.பி.சி. தொலைக்காட்சியின் டிம் ரசர்ட் கட்சி வேட்பாளர் யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது என்று சொன்னார். மறுநாளிலிருந்து யாரும் வேறு மாதிரி பேசவில்லை.

ஒரு வாரம் கழித்து மேற்கு வர்ஜினியாவில் ஹிலாரி 41 சதவீத முன்னிலையில் ஜெயித்தார். நாற்பத்தியொன்று! காக்காய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.


கணக்குப்பிள்ளை:

அதற்கும் என்னிடம் கணக்குதான் பதில். மே மாதம் ஹிலாரி பின்தங்கியிருந்த அளவை மீதி மாநிலங்களை வைத்து ஈடுகட்டவே முடியாது. அவருடைய ஒரே வழி, சூப்பர் டெலிகேட்டுகளை, அதாவது பிரைமரி முடிவுக்குக் கட்டுப்படாமல் மாநாட்டில் ஓட்டுப் போடும் கட்சிப் பெரிய மனிதர்களை, ஒபாமா பொதுத் தேர்தலில் தேறமாட்டார் என்று நம்பவைப்பது. அதற்கு ஒரு பெரிய அதிர்ச்சி வெற்றி தேவைப்பட்டது. அதைக் கொடுக்கக்கூடிய கடைசி இடம் இண்டியானா. மேற்கு வர்ஜினியாவில் ஜெயிப்பார் என்று எல்லாருக்கும் முன்னமே தெரியும், அதனால் அது யாரையும் நம்பவைக்காது.

சரி சரி, எழுதி முடித்தபிறகுதான் தெரிகிறது. நம்பவைப்பது, முன்னமே தெரியும் என்றெல்லாம் நானே எழுதிவிட்டேன். எதிர்பார்ப்பு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது.


குறுக்குசால்:

வரவேற்கிறேன். காப்பி சாப்பிடுங்கள்.


பழையபேப்பர்:

உங்கள் இரண்டு பேர் சண்டைக்கு நடுவே 1976-ஐயும் போட்டு வைக்கிறேன். நியூ ஹாம்ப்ஷயர், குடியரசுக் கட்சி. பதவியில் இருக்கும் அதிபர் ஃபோர்டை எதிர்த்து ரீகன். ஃபோர்டு யாராலும் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்படாதவர், நிக்சன் விலகியதால் வந்தவர். ஃபோர்டு ஜெயித்தார், வித்தியாசம் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டில் ஆயிரத்துச் சொச்சம்தான். 1968 மாதிரியே பார்த்தால் பதவியில் இருப்பவரை உலுக்கிய ரீகனுக்கு இது வெற்றி என்று எழுதியிருக்க வேண்டும். ஆனால் ரீகனின் பக்கம் இருந்த ஆளுநர் மெல்ட்ரிம் தாம்சன், ரீகன் பெரிதாக ஜெயிப்பார் என்று முன்கூட்டியே வாயை விட்டுவிட்டார். அதனால் 48 சதவீதம் வாங்கியும் அது தோல்வி ஆயிற்று. ஃபோர்டு அந்த வேகத்தில் அடுத்தடுத்துப் பல மாநிலங்களைப் பிடித்தார். மார்ச் 23-ல் வட கரோலினாவில் ரீகன் ஜெயித்திராவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கான்சாஸ் சிட்டி மாநாட்டில் ஃபோர்டு 1,187, ரீகன் 1,070. அவ்வளவு நெருக்கம்.

1972-ல் அதே நியூ ஹாம்ப்ஷயர், ஜனநாயகக் கட்சி, மஸ்கி 46, மெக்கவர்ன் 37. பக்கத்து மாநிலமான மெய்னின் செனட்டர் மஸ்கி, பாதியாவது வாங்க வேண்டாமா என்றார்கள். ஜெயித்த மஸ்கி சாய்ந்தார். மெக்கவர்ன் வேட்பாளர் ஆனார்.


திண்ணைவாசி:

தலை சுற்றுகிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன். 1968-ல் மெக்கார்த்தி கிளப்பிய அலையில் கடைசியில் பலன் அடைந்தது யார்? அவரும் இல்லை, கென்னடியும் இல்லை.


பழையபேப்பர்:

ஹியூபர்ட் ஹம்ஃப்ரி. ஜான்சனின் துணை அதிபர். ஏப்ரல் 27-ல்தான் களத்துக்கு வந்தார். ஒரு பிரைமரியில்கூட நிற்கவில்லை.

அப்போது பதினைந்தை ஒட்டிய மாநிலங்களில்தான் பிரைமரி நடக்கும். மற்ற இடங்களில் ஆளுநர், மேயர், தொழிற்சங்கத் தலைவர் என்று பெரிய மனிதர்கள் அறைக்குள் உட்கார்ந்து பிரதிநிதிகளை முடிவு செய்வார்கள். ஹம்ஃப்ரி அந்த அறைகளுக்குப் போனார். கென்னடியும் மெக்கார்த்தியும் வெயிலில் அலைந்தார்கள். இண்டியானா, நெப்ராஸ்கா கென்னடிக்கு. ஆரிகன் மெக்கார்த்திக்கு. கென்னடி குடும்பத்தவர் ஒருவர் தேர்தலில் தோற்றது அதுதான் முதல் தடவை. ஜூன் 4-ல் கலிஃபோர்னியா, கென்னடி 46, மெக்கார்த்தி 42. நள்ளிரவு தாண்டி வெற்றி உரை முடிந்து, ஓட்டலின் சமையற்கட்டு வழியாகப் போகும்போது சுடப்பட்டார். ஜூன் 6-ல் இறந்தார்.

ஆகஸ்டில் சிகாகோ மாநாடு. வெளியே தெருவில் போலீஸ் தடியடி, உள்ளே ஹம்ஃப்ரி முதல் சுற்றிலேயே 1,759¼ ஓட்டு வாங்கி வேட்பாளர். மெக்கார்த்திக்கு 601. (அந்தக் கால் ஓட்டு அச்சுப்பிழை இல்லை, பின்ன ஓட்டு உண்டு.) பிரைமரிகளில் மக்கள் போட்ட ஓட்டுக்கு என்ன மரியாதை என்ற கேள்வி எழுந்து, மெக்கவர்ன்-ஃப்ரேசர் குழு போட்டு விதிகளை மாற்றினார்கள். 1972-லிருந்து பிரைமரியும் காக்கஸும்தான் எல்லாம். கணக்குப்பிள்ளை மேலே விளக்கிய வாய்ப்பாடெல்லாம் அந்த மாற்றத்துக்குப் பின்னால் வளர்ந்ததுதான். ஆகவே அந்த 42 சதவீதம் மாற்றியது 1968 போட்டியை மட்டுமில்லை என்பேன்.


சோளக்காட்டுத் தமிழச்சி:

பின்னால் வந்தவர் அள்ளிக்கொண்டு போவது 2020-லும் நடந்ததே. அயோவாவில் புட்டிஜெஜ், சாண்டர்ஸ் நெருக்கம். நியூ ஹாம்ப்ஷயரிலும் அவர்களேதான், சாண்டர்ஸ் 25.6, புட்டிஜெஜ் 24.3, பிரதிநிதிகள் 9-9. பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ப்ஷயரில் ஐந்தாவது. வாக்குப்பதிவு முடியுமுன்பே பெட்டியைக் கட்டிக்கொண்டு தென் கரோலினாவுக்குக் கிளம்பிவிட்டார்.

முதல் இரண்டு இடத்திலும் யாராவது ஒருவர் தெளிவாக ஜெயித்திருந்தால் பைடனுக்குக் காத்திருக்க நேரம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். யாருமே ஜெயிக்காததால் கதவு திறந்தே இருந்தது. பிப்ரவரி 29-ல் தென் கரோலினாவில், கறுப்பின வாக்காளர்கள் துணையோடு 48 சதவீதத்துக்கு மேல் வாங்கினார். மறுநாள் புட்டிஜெஜ் விலகினார், அதற்கு மறுநாள் ஏமி குளோபுச்சர். இருவரும் பைடனை ஆதரித்தார்கள். மார்ச் 3 சூப்பர் செவ்வாயில் 14 மாநிலத்தில் பத்து அவருக்கு. 2024-ல் அயோவாவின் முதல் இடத்தையே கட்சி பறித்துத் தென் கரோலினாவுக்குக் கொடுத்துவிட்டது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் அந்த வருத்தம் போகவில்லை. கோட்டு மாட்டிக்கொண்டு போன தாத்தா ஒருவர்தான் சிரித்திருப்பார்.


குறுக்குசால்:

ஆரம்பக் கேள்விக்கே திரும்புகிறேன். ஜான்சன் நியூ ஹாம்ப்ஷயருக்கு முன்பே விலக நினைத்திருந்தார் என்றும் சொல்கிறார்கள். மாரடைப்பு வந்த உடம்பு. 1968 ஜனவரியில் நாடாளுமன்ற உரையின் முடிவிலேயே அறிவிப்பதற்கு வாசகம் தயாராக இருந்ததாம், படிக்காமல் விட்டுவிட்டார். அப்படியென்றால் நாம் இவ்வளவு நேரம் பேசிய 42 சதவீதம் வெறும் சாக்கா?


பழையபேப்பர்:

சாக்கு என்று நான் சொல்லமாட்டேன். வாசகம் எழுதி வைப்பது வேறு, படிப்பது வேறு. ஜனவரியில் பையிலேயே இருந்ததை மார்ச்சில் வெளியே எடுக்க வைத்தது நியூ ஹாம்ப்ஷயரும் கென்னடியும் விஸ்கான்சினும்தான்.

உடம்பைப் பற்றி அவர் பயந்தது மட்டும் பொய்யில்லை. நின்று ஜெயித்திருந்தால் அவருடைய அடுத்த பதவிக்காலம் 1973 ஜனவரி 20-ல் முடிந்திருக்கும். அவர் இறந்தது ஜனவரி 22.


திண்ணைவாசி:

இரண்டே நாள்!